ஒச்சப்பன் கை காட்டினால்

குழம்பு போதும் என்று சொல்ல ஒச்சப்பன் வாயைத் திறப்பதில்லை. வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையைத் தூக்கி விரல்களை மடக்கி மூடுவார். பேச்சியம்மா கரண்டியை அந்தரத்தில் அப்படியே நிறுத்திவிட வேண்டும். உள்ளங்கையைக் கீழே பார்க்கக் கவிழ்த்து மெல்ல அசைத்தால் இன்னும் ஊற்றலாம். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு போகலாம். கல்யாணமான புதிதில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து இறங்கிய பேச்சியம்மா, மாப்பிள்ளைக்குப் பேச்சில் ஏதோ கோளாறு, வீட்டில் மறைத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, மனிதர் தன் ஹேடோ ஜெட்டி வேலையைச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார் என்று.

ஒச்சப்பன் துறைமுகத்தில் சிக்னல்மேன். சென்னையிலிருந்து வரும் சரக்குக் கப்பலின் அடியறையில் சிமெண்டும் அரிசியும் வெங்காயமும் கிடக்கும். கிரேன் ஓட்டுகிறவன் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கொக்கி எந்த மூலைக்குப் போகிறது, அதன் கீழே எவன் தலை இருக்கிறது என்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாது. மேல்தட்டில், அடியறை வாயின் விளிம்பில் நின்று ஒச்சப்பன் காட்டும் கைதான் அவனுக்குக் கண். அந்தக் கை மூடினால் கிரேன் நிற்கும். கவிழ்ந்து அசைந்தால் இறங்கும். ஆபீஸில் எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறங்குவது மட்டும் ஒச்சப்பன் கை காட்டினால்தான்.

"என் கைய நம்புறவனுக்குத்தான் நான் நிப்பேன்" என்பார். "தன் கண்ண நம்புறவன் எறங்கி வந்து தலச்சுமையாத் தூக்கிட்டுப் போகட்டும்."

குவார்ட்டர்ஸ் தெருவில் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால், கூப்பிட வேண்டியதே இல்லை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். வரட்டும், மெதுவாக, போதும் என்று இந்தியில் குரல் வேறு. "ஆனே தோ, ஆனே தோ... ஆராம்ஸே... பஸ்." பக்கத்து வீட்டு வங்காளி வாத்தியார் காலியான மைதானத்தில் காரைத் திருப்புவதற்குக்கூட ஒச்சப்பன் கை காட்டியிருக்கிறார். வாத்தியாரும் மரியாதைக்காக இரண்டு தடவை அதிகமாகவே திருப்பியிருக்கிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் கை காட்டுகிற மனிதருக்குத் தன் காரியம் என்று வந்துவிட்டால் எந்தக் கையிலும் நம்பிக்கை கிடையாது.

கப்பல் தேதியை நம்பக் கூடாது என்பது தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை என்பார்கள். புயல் சின்னம், இன்ஜின் பழுது, ஏதாவது ஒன்று வந்து திங்கள் ஆகும், வியாழன் ஆகும். அதனால் மெயின்லேண்ட் போகிறவர்கள் கப்பலுக்கு ஒன்று, பத்திரத்துக்காக விமானத்துக்கு ஒன்று என்று டிக்கெட் போட்டு வைப்பதுண்டு. ஒச்சப்பனுக்கு அதுவும் போதாது. சரக்குக் கப்பலில் தெரிந்த மாலுமியிடம் ஒரு வார்த்தை, அடுத்த வாரக் கப்பலில் ஓர் இடம் என்று எல்லாப் பக்கமும் துண்டு போட்டு வைப்பார். "கயிறு அவுக்காத வரைக்கும் அது கப்பல் இல்லத்தா, கட்டடம்" என்பது அவருடைய வேதவாக்கு.

ஒரே ஒரு தடவை அந்த வேதம் கவிழ்ந்தது. மகள் சித்ராவின் நிச்சயதார்த்தம் உசிலம்பட்டியில். அதற்குப் புறப்பட வேண்டிய அன்று பார்த்து, யாரும் எதிர்பாராத வகையில், கப்பலும் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது, விமானமும் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. எதில் ஏறுவது என்று மூட்டை முடிச்சுகளோடு யோசித்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் இரண்டையும் வழியனுப்பி வைத்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது தாம்பூலம் மாற்றி, சாப்பிட்ட இலையும் எடுத்திருந்தார்கள். "ரெண்டும் ஒழுங்காக் கெளம்பும்னு எவன் கண்டான்" என்று சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டார். இன்றுவரைக்கும் அது தன் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. கப்பல் கம்பெனியின் தப்பு.

இந்த மனிதரின் பெருங்குடலில்தான் கட்டி வந்தது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்து, துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, ஸ்கேனும் எடுத்த பிறகு, சர்ஜன் வைஜெயந்தி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மேஜை மேல் கிடந்த காகிதத்தில், கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி ஒரு படம் வரைந்தார். இடது பக்கம் கீழே ஒரு புள்ளி வைத்தார்.

"இந்த எடத்துல இருக்கு. இந்தத் துண்டையும் பக்கத்துல இருக்கிற நெணநீர் முடிச்சுகளையும் எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தெச்சிடுவோம். ஈரலுக்குப் பரவுன மாதிரி ஸ்கேன்ல தெரியல. அது நல்ல விஷயம். எடுத்த முடிச்சுகள்ல நோய் இருந்தா அதுக்கப்புறம் கீமோ."

"வேற வழி?" என்றார் ஒச்சப்பன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சின்னச் சின்னத் துளை போட்டும் செய்யலாம். துளை போட்டுச் செய்ய வேண்டுமென்றால் சென்னைக்கு எழுதித் தருகிறேன் என்றார். இரண்டும் ஒரே ஆபரேஷன்தான், வாசல்தான் வேறே. கேமரா வழியாகவே எடுக்கிற அளவைக் கட்டி தாண்டிவிட்டது. தெருவில் எல்லோரும் சொல்லும் 'கரண்ட் வைப்பது', அதாவது கதிர்வீச்சு, குடலில் இந்த இடத்துக்கு வழக்கமில்லை. தையல் ஆறும்வரை வயிற்றில் ஒரு பை வைக்க நேரலாம், நேராமலும் போகலாம்.

"எங்க பண்றதுங்கிறது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணப் பிடிங்க, சீக்கிரமாப் பிடிங்க. குடல் அடைச்சுக்கிட்டா அப்புறம் தேதிய நாம குறிக்க முடியாது. அது குறிக்கும்."

பேச்சியம்மாவுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. ஒச்சப்பனுக்கு அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் தங்கியது. இத்தனை வழி இருக்கிறதா என்று அவர் முகத்தில் ஒரு தெளிச்சல்கூட வந்தது. ஆனால் டாக்டரம்மா பேசி முடிக்கும்வரை அவருடைய இடது கை முழங்கால் மேல் மூடியே இருந்ததைப் பேச்சியம்மா பார்த்தாள்.

வீடு வந்ததும் ஒச்சப்பன் டிக்கெட் போடத் தொடங்கினார்.

டாக்டரம்மா கொடுத்த தேதிக்குத் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். சென்னையில் இருக்கும் சித்ராவுக்குப் போன் போட்டு, துளை போட்டுச் செய்கிற ஆஸ்பத்திரியில் ஒரு தேதி வாங்கச் சொன்னார். அங்கே போக ஒரு கப்பல், ஒரு விமானம். உசிலம்பட்டி அண்ணன், கரட்டுப்பட்டி வைத்தியர் இடித்த சூரணத்தைக் கப்பலில் வந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். பெரார்கஞ்சிலிருந்து யோகராஜ் நோனிப் பழச் சாறு கொண்டுவந்தார். யோகராஜின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் தோட்ட வேலைக்கு அமர்ந்தது. இப்போது சொந்தமாக நோனித் தோட்டம் வைத்திருக்கிறார். சாற்று பாட்டிலைத் திறந்தால் மழையில் ஊறிய செருப்பின் வாடை வரும்.

"இத குடிச்சிப்போட்டு எத்தன பேர் எந்திரிச்சி நடக்கிறாங்க தெரியுமா அண்ணே" என்றார் யோகராஜ்.

"அவரு இப்பவும் நடந்துக்கிட்டுத்தானே இருக்காரு தம்பி" என்றாள் பேச்சியம்மா.

ஒச்சப்பன் யாரிடமும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாற்றைக் காலையில் குடித்தார், சூரணத்தை இரவில் நக்கினார், இரண்டு டாக்டர்களுக்கும் வருவதாகச் சொன்னார். "எல்லாம் கையில இருக்கட்டும். எது மொதல்ல கயிறு அவுக்குதோ அதுல ஏறிக்கிருவம்."

நோய் என்ன என்று கேட்டவர்களுக்கு, "அடியறையில கொஞ்சம் கோளாறு" என்றார். ஜெட்டியில் எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லா வழிகளையும் அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

போர்ட் பிளேர் தேதி நெருங்கியபோது, சென்னை தேதி வரப்போகிறதே, அவசரப்படுவானேன் என்று நினைத்து, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். சென்னை தேதி வந்தபோது, டாக்டரம்மா வேறு தேதி கொடுத்திருக்கிறாரே, கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கடல் தாண்டுவானேன் என்று டிக்கெட்டை ரத்து செய்தார். கப்பல் போனது, விமானம் போனது. ஒச்சப்பன் ஹேடோவில் இருந்தார்.

போனில் சித்ரா அழுதாள், பிறகு கத்தினாள். "அம்மா, அவரு நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாதிரியே வைத்தியத்துக்கும் வருவாரும்மா. எல எடுத்தப்புறம்."

பேச்சியம்மா கத்துகிற சாதியில்லை. சோற்றைக் குழைய வடித்தாள், மீனில் முள் எடுத்து வைத்தாள். அவருடைய யூனிஃபார்ம் சட்டைக்குள் இன்னொருவர் வசதியாகக் குடியிருக்கலாம் என்கிற அளவுக்கு இடம் விழுந்ததைப் பார்த்தாள். அவர் அடுப்பில் ஆணியைச் சுட்டு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். கொஞ்ச நாளில் மறுபடியும் ஆணியைச் சுட்டார். சில நாள் சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். என்ன என்று கேட்டால் சுட்டுவிரலால் காற்றில் ஒரு வட்டம். தட்டை எடுத்துக்கொண்டு போ.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பேச்சியம்மா கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிவந்து மாட்டிப் பார்த்தாள். அதுவரைக்கும் அது ஒச்சப்பனின் இலாகா. மாட்ட வந்துவிட்டது. வந்துவிட்டதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பக் கழற்றி, இருந்த இடத்திலேயே உருட்டி வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் ஸ்ரீதர் வந்தான். தீவில், கராச்சர்மாவிலேயே பிறந்து வளர்ந்த பையன். கிரேன் கூண்டுக்குப் புதிதாக வந்திருக்கிறான். ஒரு சீப்புப் பழத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஒச்சப்பன் நாற்காலியில் சாய்ந்தபடி, உள்ளே வா என்று விரலை மட்டும் அசைத்தார்.

"அத்தை, மாமாகிட்ட மாஃபி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் பேச்சியம்மாவிடம்.

"மன்னிப்பா? என்ன செஞ்ச?"

"இன்னைக்கு சிமெண்ட் தூக்குனோம் அத்தை. காத்து வேற, மழை வேற. மாமா எறக்குன்னு கை காட்டுறாரு. எனக்கு டவுட். உடம்பு சரியில்லாத மனுஷன், சரியாத்தான் காட்டுறாரான்னு. அதான் வாக்கிடாக்கில ஃபோர்மேன்கிட்ட கேட்டேன். அவரு 'ருக்கோ', நிறுத்துன்னாரு. ஜெட்டில இருந்தவன் எறக்குன்னான். கப்பல்ல இருந்தவன் தூக்குன்னான். அதுக்குள்ள மொத்த லோடும் ஆளுங்க தலைக்கு மேல ஊஞ்சல் ஆடுது."

"அப்புறம்?"

"மாமா கை காட்டுறத விட்டுட்டு வாயால ஆரம்பிச்சாரு. ஹார்பர் பூரா கேட்டுச்சு."

ஒச்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாளாகக் காணாத களை முகத்தில் வந்தது. "என்ன சொன்னேன்? அவகிட்டயும் சொல்லு. தெரிஞ்சுக்கிரட்டும்."

ஸ்ரீதர் பாடம் ஒப்பிக்கிறவனைப் போலச் சொன்னான். "சரக்கு கீழ இருந்தா சரக்கு. மேல போயிட்டாலும் சரக்கு. நடுவுல தொங்குனா அது எமன். ஒருத்தன் கையப் பாரு. நாலு பேரு கையப் பாத்துக்கிட்டு நின்னா நாலு பேரு தலையிலயும் விழும்னு சொன்னாரு."

"அம்புட்டுத்தான் தொழிலு" என்றார் ஒச்சப்பன். "ஏத்தா, டீயக் கொண்டா. பயலுக்கும் குடு."

பேச்சியம்மா தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துவந்தாள். ஸ்ரீதரின் டம்ளரை நிரப்பினாள். பிறகு ஒச்சப்பனின் டம்ளருக்கு மேலே பாத்திரத்தைச் சாய்க்கப்போனவள், சாய்க்காமல் அப்படியே நிறுத்தினாள்.

ஒச்சப்பன் உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தார். ஊற்று.

அவள் ஊற்றவில்லை. பாத்திரத்தை விலக்கவும் இல்லை. அது அந்தரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவர் மறுபடியும் கையை அசைத்தார்.

"இருங்க" என்றாள் பேச்சியம்மா. "ஊத்தலாமா வேணாமான்னு சித்ராகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிர்றேன். பெரார்கஞ்சு தம்பி என்ன சொல்லுதோ. உசிலம்பட்டியில உங்க அண்ணனும் இருக்காக, அவுகளக் கேக்காம எப்படி?"

"டீ ஆறுது பேச்சி."

"ஆறட்டும். எல்லாம் கையில இருக்கட்டுமே."

ஸ்ரீதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ என்று பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒச்சப்பனின் கை கவிழ்ந்தபடியே டம்ளருக்குப் பக்கத்தில் நின்றது. பாத்திரத்தின் கனத்தில் பேச்சியம்மாவின் மணிக்கட்டு நடுங்கியது. இருந்தும் அவள் இறக்கி வைக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டில் முதல் தடவையாக, ஊற்றச் சொல்ல வாயைத் திறந்தார்:

"ஊத்துத்தா."

அவள் ஊற்றினாள்.

இதனால் ஒச்சப்பனுக்கு ஞானம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். டீயில் சர்க்கரை இல்லை என்று குறை சொன்னார். ஸ்ரீதர் போன பிறகு, வெளியாள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் விடிந்ததும் நோனிச் சாற்றைக் கொண்டுபோய்க் கொல்லை வாழைக்கு ஊற்றினார். சூரணமும் அதற்கே போனது. அந்த வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு சித்ராவுக்குப் போன் போட்டு, சென்னையை ரத்து செய்யச் சொன்னார்.

"ஏம்ப்பா, இங்க துளை போட்டே செய்வாங்களே" என்றாள் அவள்.

"இங்க டாக்டரம்மா படம் போட்டுச்சுல்ல, அப்ப கையப் பாத்தேன். கோடு ஆடல."

அதுதான் காரணம். ஸ்கேனும் இல்லை, ஈரலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரி எப்படி என்ற விசாரணையும் இல்லை. பேச்சியம்மாவுக்கு எந்தக் காரணமானாலும் சரி.

டாக்டரம்மா புதுத் தேதி கொடுத்தார். இனியும் காய்ச்சல் வருமா என்று கண்ணாடிக்கு மேலாக ஒச்சப்பனைப் பார்த்தார். அவர் வேறு ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தேதி மாறுமா மேடம்?"

"மாறாது."

அது அவரைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. மாறாத தேதி என்று ஒன்றை அவர் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "மாறாதாமே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். துணைக்கு வரப் புறப்பட்ட சித்ராவிடம், விமானத்தோடு கப்பலுக்கும் ஒரு டிக்கெட் போட்டு வைக்கும்படி கறாராகச் சொன்னார். அவள் போட்டுவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு விமானத்தில் வந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் மழை. பச்சைத் துணி போர்த்தி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இரண்டு ஊழியர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரம் திரும்புகிற இடம் குறுகல். சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. போர்வைக்குள்ளிருந்து இடது கை எழுந்தது.

"லெஃப்ட்ல கொஞ்சம்... ஆனே தோ, ஆனே தோ... ஆராம்ஸே."

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடிக்காமல் திரும்பிவிட்டது.

"அம்மா, அவர சும்மா இருக்கச் சொல்லும்மா" என்றாள் சித்ரா.

"இருக்கட்டும்டி" என்றாள் பேச்சியம்மா.

தியேட்டர் கதவு திறந்தது. உள்ளே முகமூடியும் தொப்பியுமாக வைஜெயந்தி நின்றிருந்தார். கழுவிய கைகளை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். வாசற்படியை ஸ்ட்ரெச்சர் தொட்டபோது ஒச்சப்பனின் கை மேலே உயர்ந்து மூடிக்கொண்டது. அதன் அர்த்தம் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது. ஊழியர்கள் நின்றுவிட்டார்கள்.

பேச்சியம்மா நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. மூடிய கை மட்டும் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே, தூக்கிப் பிடித்த டாக்டரம்மாவின் கைகள் தெரிந்தன. ஒச்சப்பன் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவை ஆடவில்லை.

பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கை கீழே பார்க்கக் கவிழ்ந்தது. மெல்ல, அவசரமில்லாமல், 'இறக்கு' என்று அசைந்தது.